வலிக்கிற பல்லைக் கடைசியில் பார்த்தவர்

அவருடைய நாற்காலியில் உட்காருகிறவர் எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொன்னாலும் கேட்க மாட்டார். உதட்டிலிருந்து ஆரம்பிப்பார். உதட்டைப் புரட்டி, கன்னத்தை விரித்து, நாக்கைப் பஞ்சுத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து, அதன் அடியில் டார்ச் அடித்து, மேல்வாயைப் பார்த்து, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவி, அதற்கப்புறம்தான், "சரி, இப்பச் சொல்லுங்க, எந்தப் பல்லு?" என்பார். அதற்குள் பாதிப் பேருக்கு வலி மறந்து கோபம் வந்திருக்கும்.

"ஏனுங்க டாக்டரம்மா, பல்லு உயிர் போவுதுங்கறேன், நீங்க நாக்கைப் புடிச்சு இழுத்துட்டிருக்கறீங்க" என்று ஒருவர் உள்ளே கத்தியதை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன்.

"வலிக்கிற பல்லு எங்கயும் ஓடிப் போயிடாதுங்க. அது கத்திக்கிட்டே இருக்கும். கத்தாம உட்கார்ந்திருக்கறது ஏதாச்சும் இருக்குதான்னுதான் நான் பார்க்கறேன். வாயைத் தொறங்க."

பெயரை எழுதப் போவதில்லை. ஒருமுறை, உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க. பேரைப் போட்டீங்கன்னா அடுத்த பல்லை ஊசி போடாமப் புடுங்குவேன்" என்றார். எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் குறைவு. அவற்றைப் பணயம் வைக்கும் அளவுக்கு இலக்கியத்தின் மேல் பற்று இல்லை. சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டோடு இருப்பதற்காக மலையை விட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். குன்னூரில் பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய கிளினிக் இருந்த அறையில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அவர்கள் என்ன கோளாறு என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார்கள்.

ஆள் குள்ளம். நோயாளியின் நாற்காலியை இறக்கிக்கொள்ளலாம், மாட்டார். காலடியில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பார். மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர், அதன் ஒரு பையில் டார்ச், மறு பையில் கையுறை. சொந்த ஊர் பொள்ளாச்சி. அங்கிருந்து காப்பித்தூள் வரும். குன்னூரில் இருந்துகொண்டு தேநீரைத் தொடாதவர். எங்கள் ஊரில் இது கிட்டத்தட்ட தேசத்துரோகம். அதைப் பற்றியும் அவர் கவலைப்பட்டதில்லை.

அவரைச் சீண்டுவதற்கு ஒரே ஒரு சொல் போதும். 'வெறும்.' யாராவது, "நீங்க வெறும் பல் டாக்டர்தானே?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "பல்லு எதுல நட்டிருக்குது? செவுத்துலயா?" என்று ஆரம்பிப்பார். கட்டுப்பல் செய்வதில் மேற்படிப்புப் படித்தவர். நோயில் போன தாடைக்கும் அண்ணத்துக்கும் பதில் வேறொன்றைச் செய்து பொருத்துவது அந்தப் படிப்பில் சேர்த்தி. இது ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் பாட்டிக்குப் பல்செட் செய்வதற்கே அவரிடம் போனார்கள்.

எல்லா நேரமும் அவர் சொன்னது சரியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கோத்தகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய், அந்தப் பெரிய மனிதரைக் கை கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டார் பின்னாலேயே ஓடினார்கள். குழாயடியில் சித்தப்பா அண்ணாந்து வாயைத் திறந்து நிற்க, இவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்லீங்க. கடவாய்ப் பல்லு உடைஞ்சிருக்குது. போய்ப் பாயசம் சாப்பிடுங்க" என்றார். சித்தப்பாவின் இலையை அதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அடுத்து நடந்த விசேஷம் எதற்கும் டாக்டருக்கு அழைப்பு இல்லை. "ஒன்னுமில்லாததுக்கு ஒருத்தர் கோவிச்சுக்கட்டும். இருந்து, நான் பார்க்காம வந்திருந்தா?" என்றார் என்னிடம். முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

என் வாயில் அப்படி ஒன்று இருந்தது. ஆகவே இனி என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் தேநீர் ருசி பார்க்கிறவன். தேயிலை ஏலத்துக்கு வரும் மாதிரிகளைத் தரம் பிரிக்கும் கம்பெனியில் டீ டேஸ்டர். நீளமான மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, அண்ணத்தில் அடித்து, நாக்கில் உருட்டி, காலடியில் இருக்கும் பெரிய எச்சில் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். உறிஞ்சுகிற சத்தம் பலமாக இருக்க வேண்டும். காற்று கலந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். பெண் பார்க்கப் போனபோது 'பையன் டீ கம்பெனியில் ஆபீசர்' என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மாமனார் ஆபீசுக்கு வந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லையாம்.

இந்தத் தொழிலில் வாய் வெந்துபோவது வியாதி அல்ல, சீனியாரிட்டி. அண்ணத்தில் தோல் உரிந்தால் மேசையில் இருக்கும் மற்றவர்கள், "என்ன சார், சூடு பட்டுதா?" என்று ஒரு மரியாதையோடு கேட்பார்கள். எனக்கு வலது பக்கம் மேல்வரிசையில் ஒரு பல் ஆடியது. மேட்டுப்பாளையத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது போகிற போக்கில் அதைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கிய குழி ஆறவில்லை. இரண்டு மூன்று மாதம் ஆகியும் ஆறவில்லை. சூடு பட்டிருக்கும் என்றேன். சூடுதான் என்றது மேசை. ஒருவர் கிராம்பு வைக்கச் சொன்னார், ஒருவர் தைலம் தடவச் சொன்னார். நீலகிரியில் தலைவலி முதல் மாமியார் வருகை வரை எல்லாவற்றுக்கும் தைலம் உண்டு. கடைசியில் என் மனைவி சாந்தாமணி, "பேசறப்ப ஒரு வாடை வருதுங்க. ஒன்னு டாக்டர்கிட்ட வாங்க, இல்ல பேசாம இருங்க" என்றாள். பேசாமல் இருக்க முடியாது என்பதால் டாக்டரிடம் போனோம்.

உதடு, கன்னம், நாக்கு எல்லாம் முடிந்து அந்தக் குழிக்கு வந்ததும் அவருடைய கை நின்றது.

"இது எப்பப் புடுங்கினது?"

"ரெண்டு மூணு மாசம் இருக்கும். நான் டீ டேஸ்டருங்க. சூடு பட்டு ஆறாம இருக்குது. எங்களுக்கெல்லாம் இது சகஜம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"சூடு பட்டா நாக்குல படும். உங்க நாக்கு பச்சைக் குழந்தை நாக்கு மாதிரி இருக்குது. டீ அதையெல்லாம் தாண்டிக் குதிச்சு, இந்த ஒரு குழியை மட்டும் தேடிப் போச்சுங்களா?"

வாயில் அவருடைய விரல்கள் இருந்தன. பல் டாக்டர்கள் எந்த வாதத்திலும் தோற்காததற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டு, குழியின் ஓரத்திலிருந்து மிளகளவு சதையை எடுத்து ஒரு சின்ன பாட்டிலில் போட்டார். உதவியாளர் ராணியைக் கூப்பிட்டு, "கோயமுத்தூர் பஸ்ஸைப் புடி. லேப்ல கையில குடுத்துட்டுத்தான் வரணும்" என்றார்.

"மேடம், போன தடவை பர்லியார் வளைவுல வாந்தி எடுத்தேன் மேடம்."

"எலுமிச்சம்பழம் வாங்கிக்க. பாட்டிலை விட்டுடாத."

முடிவு வந்த அன்று என்னையும் சாந்தாமணியையும் ஒன்றாக உட்கார வைத்தார். அன்றைக்குப் பலகையில் ஏறி நிற்கவில்லை. எதிரில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"புத்துநோய்ங்க. மேல்தாடை எலும்புல. சின்னதா இருக்கறப்பவே புடிச்சாச்சு. எலும்புல ஒரு பக்கம் எடுக்கணும். அண்ணத்துல ஒரு ஓட்டை வரும். அந்த ஓட்டைக்கு மூடி நான் பண்ணித் தரேன். அழுவறதுன்னா இப்ப அழுதுக்குங்க. அப்புறம் நிறைய வேலை இருக்குது."

நான் வழக்கம்போல ஒரு நகைச்சுவை சொல்லப் பார்த்தேன். சாந்தாமணிதான் பேசினாள். "உங்க வாய்தான் உங்களுக்கு எதிரின்னு இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருந்தனே" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அழுதாள். டாக்டர் எழுந்து போய், அவருடைய காப்பியை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பார்கள். கதிர் பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாது. அதனால் சந்தேகத்துக்கு இடமான பற்களை எல்லாம் முன்கூட்டியே எடுத்துவிட்டார். "இது நல்லாத்தானே இருக்குது?" என்று ஒரு பல்லுக்காக மன்றாடினேன். "இப்ப நல்லா இருக்குது. அடுத்த வருஷம் இது கெட்டுப்போனா நீங்க என்னை மன்னிக்க மாட்டீங்க. அதுக்கு இன்னிக்கே திட்டிக்குங்க" என்றார். திட்டினேன். எடுத்தார். அப்புறம் என் வாயில் ஈரமான பசையை அப்பி அச்சு எடுத்து, ஆபரேஷனில் எது போகும், எது மிஞ்சும் என்று சர்ஜனிடம் போனில் மணிக்கணக்காகச் சண்டை போட்டுக் கேட்டு, இன்னும் உருவாகாத ஓட்டைக்கு ஒரு மூடியைச் செய்து வைத்துக்கொண்டார். இளஞ்சிவப்புத் தட்டு. பார்க்க, பல்செட்டில் பாதியைப் போல இருந்தது.

ஆபரேஷன் அன்று அந்தத் தட்டை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். தியேட்டர் வாசலில் ஓர் இளம் டாக்டர் தடுத்தார். நான் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தேன். அரை மயக்கத்தில் கேட்டது இது:

"மேடம், டென்டல்தானே? அதெல்லாம் காயம் ஆறின பின்னாடிப் பார்த்துக்கலாம்."

"காயம் ஆறுற வரைக்கும் அவரு எப்படிச் சாப்பிடுவாரு?"

"மூக்குல ட்யூப் போடுவோம்."

"எப்படிப் பேசுவாரு?"

"கொஞ்ச நாள் பேசாம இருக்கட்டுமே மேடம். உயிர்தானே முக்கியம்?"

"அவரு பொண்டாட்டி அங்க உட்கார்ந்திருக்குது. அவரு கண்ணு முழிச்சு அந்தம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். உங்க சீஃப் வந்து போகச் சொல்லட்டும், போறேன்."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சீஃப் சர்ஜன் வந்தார், டப்பாவைத் திறந்து தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "மேடம், செருப்பை மாத்திட்டு உள்ள வாங்க" என்றார். அதற்கப்புறம் எனக்கு மயக்க மருந்து ஏறிவிட்டது. கண் விழித்தபோது அண்ணத்தில் அந்தத் தட்டைத் திருகாணி வைத்து முடுக்கியிருந்தார்கள். சாந்தாமணி குனிந்தாள். "சாந்தா" என்றேன். வாய்க்குள் துணி வைத்துப் பேசுகிறவனின் குரல்தான். ஆனால் சாந்தா என்றுதான் கேட்டது. அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ராணியிடம், "பார்த்தியா, 'ந்தா' தெளிவா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

காயம் ஆறியதும் திருகாணித் தட்டை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டும் தட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார். கதிர்வீச்சு முடிந்தபோது வாய் திறக்க மறுத்தது. தாடைச் சதை இறுகிப்போய்விட்டது. அதற்கு அவருடைய வைத்தியம் ஐஸ் குச்சி. ஐஸ் குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவில் செருக வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியை நுழைக்க வேண்டும். வலியில் கண்ணில் நீர் வரும். மார்கழிக் குளிரில் கட்டுக்கட்டாக ஐஸ் குச்சி வாங்கிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கடைக்காரர், "வீட்டுல விசேஷங்களா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, எங்க ஊட்டுக்காரரு வாயைத் தொறக்கப் போறாரு" என்று சாந்தாமணி சொல்லிவிட்டு வந்தாள்.

லீவில் வீட்டில் உட்கார்ந்து குச்சி கடித்துக்கொண்டிருந்தவனை டாக்டர் சும்மா விடவில்லை. வாரத்தில் ஒரு மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு எஸ்டேட்டுகளுக்குப் போவார். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர்கள் அங்கே அதிகம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போனால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்பதால், கொழுந்து எடை போடும் கொட்டகைக்கே போய்விடுவார். பறித்த கொழுந்தை எடை போட எல்லோரும் அங்கே வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். கட்டபெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். எடை போட்டு நகர்கிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "வாயைக் காட்டிட்டுப் போங்க" என்று டார்ச் அடித்தார். எஸ்டேட் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மேடம், இது இலை எடை போடுற இடம்."

"அதான் சார், எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. எனக்கு இவ்வளவு பெரிய வெயிட்டிங் ரூம் கட்ட வசதி இல்லை. நீங்களும் வாங்க, பின்னாடி நில்லுங்க."

சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்து அம்மா ஒருவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னைக்கு ஏலாது டொக்டரம்மா, அடுத்த கிழமை காட்டுறேன்" என்று நழுவினார்.

"அடுத்த வாரமும் வரேன், அப்பவும் காட்டுங்க. இன்னிக்கும் காட்டுங்க" என்றார் இவர். அந்த அம்மா அசையவில்லை. உடனே என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அதைக் கழட்டுங்க."

"இங்கயா?"

"பின்ன, திருவிழாவுலயா? கழட்டிட்டுப் பேசுங்க."

கழற்றினேன். என் பெயரையும் ஊரையும் சொன்னேன். காலிக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஒரு சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். மறுபடி மாட்டிக்கொண்டு அதையே சொன்னேன்.

"கேட்டீங்கல்ல? சூடுன்னு நினைச்சுச் சும்மா இருந்தாரு. இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்திருந்தா, மாட்டறதுக்கு இடமும் இல்லை, பேசறதுக்கு இவரும் இல்லை."

அந்த அம்மா மெதுவாக முந்தானையை எடுத்தார். உள்ளே கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. "இப்பவே புகையிலையை நிறுத்தினீங்கன்னா இதுக்கு இவரு கதை வராது" என்று சொல்லி, மறுநாளே கிளினிக்குக்கு வர வைத்தார். இப்படியாக என் மேல்தாடை ஒரு மாத காலம் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றுப்பயணம் செய்தது. அதற்கு என்னைவிட நல்ல வரவேற்பு.

பேச்சு வந்தது, சாப்பாடு இறங்கியது, நாக்கில் ருசியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் வேலை திரும்பவில்லை. வீட்டில் ஒரு கரண்டித் தேநீரை ஆபீசில் செய்வது போல உறிஞ்சிப் பார்த்தேன். மூக்கு வழியாகச் சட்டையில் இறங்கியது. மறுபடி உறிஞ்சினேன். மறுபடி சட்டை. உறிஞ்ச முடியாதவன் டேஸ்டர் இல்லை. எங்கள் கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்தார்.

"பொழச்சு வந்ததே பெரிசு சார். இனிமே கேட்லாக் செக்‌ஷன்ல உட்காருங்க. ஒரு டென்ஷனும் இல்லை. டேஸ்டிங்கை நாங்க பார்த்துக்கறோம்."

நன்றி என்றேன். சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். உயிர் மிஞ்சியதற்கு சாமிக்கு நன்றி சொல், மற்றதை மற. நானும் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது இதைச் சொன்னேன். அவர் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தினார்.

"நீங்க சரின்னுட்டீங்களா?"

"வேற என்னங்க பண்றது? சாப்பிடறேன், பேசறேன். இதுக்கு மேல ஆசைப்படலாமா?"

"ஏன் படக் கூடாது? வியாதி வந்தவன் இவ்வளவுதான் ஆசைப்படணும்னு யாரு அளந்து குடுத்தது? நாளைக்கு உங்க ஆபீசுக்கு வரேன். நீங்க பண்ற வேலையை நான் பார்க்கணும்."

வந்தார். ருசி பார்க்கும் அறையின் மூலையில் நின்று, என் சகாக்கள் உறிஞ்சித் துப்பி நகர்வதைக் கண் இமைக்காமல் பார்த்தார். "சாப்பாட்டுல இவ்வளவு சத்தம் போட்டா எங்கம்மா கரண்டியால அடிப்பாங்க" என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என்னுது. மூடியைச் சோறு திங்கறதுக்கும் தண்ணி குடிக்கறதுக்கும் பண்ணியிருக்கேன். உங்க வேலை குடிக்கறது இல்லை. இழுக்கறது. காத்தை இழுக்கறப்ப மேல சதை வேற மாதிரி அசையுது. மூடி அதுக்கு ஈடு கொடுக்கல." அப்படியே மேசையைச் சுற்றிப் போய் எல்லோருடைய வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார். சூடுபட்ட சீனியர்கள் யாரும் அன்று எதிர்த்துப் பேசவில்லை.

மறுவாரம் ராணியோடு வந்தார். என் தட்டின் மேல்பக்கத்தில் இளகிய மெழுகைத் தடவி மாட்டி, "உறிஞ்சுங்க. நீங்க உறிஞ்சற உறிஞ்சல்ல மெழுகு தானா வடிவத்துக்கு வரணும்" என்றார். ஆனால் சூடான தேநீரில் மெழுகு உருகி ஓடிவிடும். ஆகவே ஆறிய தேநீர் வேண்டும் என்றார். மேனேஜருக்கு அங்கேதான் பொறுக்கவில்லை.

"மேடம், ஆறிப்போன டீயை இந்த ரூம்ல யாரும் வாயில வெச்சதில்லை."

"மெழுகை வெச்சுக்கிட்டும் யாரும் உறிஞ்சினதில்லை. ஊத்துங்க சார்."

ஊற்றினார்கள். உறிஞ்சினேன். கழற்றி, பார்த்து, மெழுகு சேர்த்து, மாட்டி, மறுபடி உறிஞ்சச் சொன்னார். மத்தியானம் வரை இதே வேலை. கோயம்புத்தூரில் தட்டு செய்யும் லேப்காரர், இத்தனை உயரமாகச் செய்தால் மாட்டவே முடியாது என்று போனில் சொன்னாராம். "மாட்டறவரு நான் சொன்னா மாட்டுவாரு. நீங்க செய்யுங்க" என்று வைத்துவிட்டார்.

புதிய தட்டு வந்த அன்று மேனேஜர் தானே கோப்பைகளை வரிசையாக வைத்தார். எந்தத் தோட்டத்து இலை என்று எனக்குச் சொல்லவில்லை. சகாக்கள் தங்கள் வேலையைச் செய்வது போல நடித்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியை எடுத்தேன். உறிஞ்சினேன். மூக்கின் ஓரத்தில் சூடாக ஒரு கோடு இறங்கியது.

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "பரவாயில்லை சார். விடுங்க. எல்லாம் முயற்சி பண்ணியாச்சு." அவருடைய குரலில் இருந்த கனிவுதான் என்னை உடைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கழட்டுங்க" என்றார் டாக்டர்.

"வேண்டாங்க டாக்டரம்மா. போதும்."

"உங்களுக்குப் போதும்னா நீங்க ஊட்டுக்குப் போங்க. அதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் திருப்பிப் பார்த்தார். "இந்த விளிம்பு இடிக்குது. இழுக்கறப்ப தட்டைத் தூக்கி விட்டுடுது. ராணி, கெட்டிலைப் புடுங்கிட்டு மெஷினை மாட்டு." தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற கெட்டிலின் வயரைப் பிடுங்கிவிட்டு, ராணி பல் ராவும் மெஷினை அதே பிளக்கில் செருகினாள். எங்கள் அறையில் எப்போதும் ஒரு கோயில் அமைதி இருக்கும். அதில் அந்த மெஷின் கீச்சென்று அலறியது. இளஞ்சிவப்புத் தூள் வெள்ளை மேசையில் பறந்தது.

"மேடம், கோப்பையில விழுது!" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

"கையால மூடிக்குங்க சார்."

மேனேஜர் இரண்டு கைகளையும் விரித்துக் கோப்பைகளை மூடிக்கொண்டு நின்றார். சகாக்களும் ஆளுக்கு இரண்டு கோப்பைகளை மூடினார்கள். டாக்டர் ராவி, ஊதி, விரலால் தடவி, மறுபடி ராவி, கழுவி, என் வாயில் தானே மாட்டினார். கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

"இழுங்க. பயந்து இழுக்காதீங்க. ஒரு வருஷமா அடக்கி வெச்சிருக்கறதையெல்லாம் சேர்த்து இழுங்க."

கரண்டியை எடுத்தேன். இழுத்தேன். காற்றும் தேநீரும் ஒன்றாகச் சேர்ந்து அண்ணத்தில் அறைந்தன. எலும்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கில்தான் அறைந்தன. ஆனால் கீழே இறங்காமல் நின்றன. நாக்கில் உருட்டினேன். மணம் பின்பக்கமாக மூக்குக்கு ஏறியது. மூக்கின் முன்பக்கம் காய்ந்தே இருந்தது. துப்பினேன்.

"மழை நாள் இலை" என்றேன். "ஈரம் போக வாட்டினது பத்தல. அவசரப்பட்டு உருட்டியிருக்காங்க. சோலூர் பக்கமா இருக்கணும்."

மேனேஜர் கோப்பையின் பின்னால் இருந்த சீட்டைப் பார்த்தார். அடுத்த கோப்பையை என் பக்கம் தள்ளினார். அதையும் இழுத்தேன். அதற்கும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. ஏதோ ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எல்லாம் சரிதான் மேடம். ஆனா சத்தம் முன்னைவிட ஜாஸ்தியா இருக்கு. ஏல ஹால் வரைக்கும் கேட்குமே."

டாக்டர் மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கேட்கணும்னுதான் சார் பண்ணியிருக்கேன்."

நான் அடுத்த கோப்பைக்கு நகர்ந்தேன்.